அரிவாளணு நோயில் ரத்தக்குழாய்கள்: எந்த அளவுகோலால் அளப்பது?

அரிவாளணு நோயுள்ள இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 128/82 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் அதைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். சீட்டில் 'நார்மல்' என்று எழுதி, மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் 0.9 என்று வந்தால் சிறுநீரகமும் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு முடிவுகளுமே தவறாக இருக்கலாம்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட அரிவாளணு நோயாளிகளின் ரத்த அழுத்தத்தைப் பல ஆண்டுகள் குறித்துவந்தன. அதன் முடிவு 1997ல் வெளியானது. அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு அழுத்தம் பொதுவாகக் குறைவு. ஆனால் நோயாளிகளுக்குள்ளேயே யாருக்கு அழுத்தம் சற்று கூடுதலாக இருந்ததோ அவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் அதிகம். 2008ல் வந்த மற்றொரு ஆய்வு மேல் அளவு 120 முதல் 139 வரை, கீழ் அளவு 70 முதல் 89 வரை இருப்பதை இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை ஒப்பீட்டு உயர் அழுத்தம் என்று வகைப்படுத்தியது. அந்த வரம்பில் இருந்தவர்களிடம் நுரையீரல் தமனி அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019ல் தந்த வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு 130/80ஐத் தாண்டவிட வேண்டாம் என்றே சொல்கிறது. நம் இளைஞரின் 82 அதைத் தாண்டிவிட்டது.

இந்த நோயில் ரத்தக்குழாய் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த அளவுகளைக் கொண்டு இவர்களை அளந்தால் ஏமாந்துபோவோம். சில இடங்களில் நோய் இல்லாததுபோலத் தோன்றும், சில இடங்களில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். அரிவாளணு நோயாளிகளுக்கு அவர்களுக்கென்றே அளவுகோல் வேண்டும். ரத்தக்குழாயின் விறைப்பு பற்றிய கேள்வியில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

நோயின் கதை வழக்கமாகச் சிவப்பணுவிலிருந்துதான் சொல்லப்படுகிறது. 1910ல் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் பிறைபோல் நீண்டு வளைந்த அணுக்கள் இருப்பதை எழுதினார். (இரண்டு ஆண்டு கழித்து, இதயத் தமனியில் ரத்தம் உறைந்தும் மனிதர் பிழைத்திருக்க முடியும் என்று நிறுவிப் புகழ்பெற்றவரும் இதே ஹெரிக்தான்.) 1949ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருப்பதைக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் வெர்னன் இங்கிரம், ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்: குளூடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அதனால் ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு விறைத்து வளைந்துவிடுகிறது.

வளைந்த அணு குழாயை அடைக்கிறது, அதனால் வலி வருகிறது என்று பாடப்புத்தகம் இங்கே முடித்துவிடும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1976ல் வில்லியம் ஈட்டனும் சகாக்களும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஆக்சிஜன் இறங்கியவுடனே இழை உருவாகிவிடுவதில்லை, அதற்கு முன் ஒரு தாமதம் உண்டு. சிவப்பணு நுண்குழாயைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி போதும். தாமதம் அதைவிட நீண்டதாக இருந்தால் அணு வளைவதற்குள் சிரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். பெரும்பாலான அணுக்கள் பெரும்பாலான நேரம் இப்படித்தான் தப்பிக்கின்றன. ஆகவே எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதே கேள்வி. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது அணு மட்டுமல்ல. குழாய் சற்று சுருங்கினாலோ, உள்சுவர் ஒட்டும் தன்மை பெற்றாலோ, ஓட்டம் மந்தமானாலோ, நல்லபடியாகத் தாண்டிப் போயிருக்க வேண்டிய அணு பாதிவழியில் விறைத்து நிற்கும். உடலில் நீர் வற்றும்போது வலி வருவதற்கும் இதே கணக்குதான் காரணம்: அணுவுக்குள் ஹீமோகுளோபின் சற்றே செறிவாகிவிட்டாலும் தாமதம் பன்மடங்கு குறைந்துவிடும்.

உள்சுவர் ஒட்டுவது பற்றி 1980ல் ராபர்ட் ஹெபல் முக்கியமான ஒன்றைச் சொன்னார். அரிவாளணு நோயாளிகளின் சிவப்பணுக்கள் ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் வழக்கத்துக்கு மாறாக ஒட்டிக்கொள்கின்றன. எவருடைய அணுக்கள் அதிகம் ஒட்டினவோ அவருக்கு நோயும் கடுமையாக இருந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் சித்திரம் இதுதான்: முதலில் நுண்குழாயை அடுத்து வரும் சின்னஞ்சிறு சிரைகளின் சுவரில் இளம் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் ஒட்டுகின்றன, பாதை குறுகுகிறது, பின்னால் வரும் விறைத்த அணுக்கள் அங்கே சிக்குகின்றன. வெள்ளையணு எண்ணிக்கை கூடுதலாக உள்ளவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதும், காய்ச்சலோ தொற்றோ வந்தால் வலி தொடங்குவதும் இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

இந்த ஓட்டத்தை உயிருள்ள மனிதரிடம் வெறுங்கண்ணுக்கு மிக நெருக்கமாகக் காட்டும் இடம் கண்ணின் வெள்ளைப் பகுதி. 1961ல் கண் மருத்துவர் டேவிட் பேட்டன் (ஆர்பிஸ் என்ற பறக்கும் கண் மருத்துவமனையைப் பின்னாளில் தொடங்கியவர்) அரிவாளணு நோயாளிகளின் விழிவெண்படலத்தை விளக்குக் கருவியில் பார்த்து எழுதினார். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் மெல்லிய குழாய்களின் இடையே கால்புள்ளி வடிவத்தில், சில நேரம் திருகலாக, கருஞ்சிவப்புத் துண்டுகள் தெரிகின்றன. முன்னும் பின்னும் எந்தக் குழாயோடும் சேராதவைபோல அவை தனித்து நிற்கும். உண்மையில் குழாய் அறுபடவில்லை. அந்தத் துண்டில் மட்டும் அணுக்கள் அடைத்து நிற்கின்றன, அதன் இருபுறமும் ரத்தம் இல்லாததால் குழாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. நோயாளிக்கு அந்த நேரத்தில் வலி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வலி இல்லாத நாட்களிலும் அடைப்பு நடந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி குழாயைத் தளர்த்தி வைக்கும் வாயுவுக்கு வருவோம். உள்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து சுவரின் தசையை இளக்குகின்றன. ரத்தம் உரசிக்கொண்டு வேகமாக ஓடினால் சுரப்பு கூடி, குழாய் விரிந்துகொடுக்கும். ஆரோக்கியமான சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாளணு நோயில் அது பெரும்பாலும் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. உடையும் அணுக்களில் ஒரு பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே சிதறுகிறது. அப்போது வெளியேறும் ஹீமோகுளோபின், அணுவுக்குள் அடைபட்டிருக்கும் ஹீமோகுளோபினைவிடப் பல நூறு மடங்கு வேகமாக நைட்ரிக் ஆக்சைடை விழுங்குகிறது. அதோடு அர்ஜினேஸ் என்ற நொதியும் வெளியேறி, நைட்ரிக் ஆக்சைடுக்கு மூலப்பொருளான அர்ஜினினைச் சிதைத்துவிடுகிறது. 2002ல் மார்க் கிளாட்வினின் குழு வெளியேறிய ஹீமோகுளோபின் வாயுவை விழுங்குவதை நோயாளிகளின் ரத்தத்தைக் கொண்டு காட்டியபோது துறையில் பெரிய நம்பிக்கை பிறந்தது. குறைந்துபோன வாயுவை ஈடுகட்டிவிட்டால் போதும், நோய் பாதி தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. வலிநெருக்கடியில் மருத்துவமனைக்கு வந்த 150 பேரிடம் நைட்ரிக் ஆக்சைடை மூச்சோடு செலுத்திப் பார்த்த சோதனை 2011ல் வெளியானது. வலி தீரும் நேரத்தில் வித்தியாசமே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு வழியாகவே வேலை செய்யும் சில்டெனாஃபிலை நுரையீரல் தமனி அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 35 சதவீதம் பேர் வலிநெருக்கடியால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள். நோயாளிகளை அதிகம் அணுச்சிதைவு உள்ளவர்கள், ரத்தம் தடித்துக் குழாய் அடைபடுகிறவர்கள் என்று இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று கேட்டோவும் கிளாட்வினும் ஸ்டீன்பெர்க்கும் 2007ல் சொன்னார்கள். முதல் வகைக்குக் கால்புண், நுரையீரல் தமனி அழுத்தம், பக்கவாதம். இரண்டாம் வகைக்கு வலிநெருக்கடி, எலும்புச் சிதைவு. ஹெபலும் வேறு சில மூத்த ரத்தவியலாளர்களும் 2010ல் இதைக் கடுமையாக மறுத்தார்கள். அணுச்சிதைவைக் காட்டும் ரத்த அளவுகள் நோயின் பொதுவான கடுமையையும் காட்டுகின்றன, அதை மட்டும் வைத்து நைட்ரிக் ஆக்சைடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் நான் மறுத்தவர்கள் பக்கம்தான் கூடுதலாகச் சாய்கிறேன். ஆனாலும் அணுச்சிதைவு அதிகமுள்ளவர்களின் ரத்தக்குழாய் சரியாக விரிந்துகொடுப்பதில்லை என்பது கையில் பட்டை கட்டிச் செய்த பரிசோதனைகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த ஒன்று, அதை ஒதுக்கிவிட முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். விரல் நுனியில் ஒளி உணரியை மாட்டி ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் வருகிறது என்று பதிவு செய்தார்கள். நோயாளி ஒரு பெருமூச்சு விட்டால் விரலில் ஓட்டம் குறைந்தது. தோலில் சூடு வைக்கப்போகிறோம் என்று சொன்னால், சூடு வைக்கும் முன்பே, எதிர்பார்ப்பிலேயே குறைந்தது. மனக்கணக்கு போன்ற சிறு நெருக்கடிகளிலும் குறைந்தது. ஆரோக்கியமானவர்களுக்கும் மன நெருக்கடியில் விரல் நாளங்கள் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அதனால் அணு நுண்குழாயில் சில நொடி தாமதித்தாலும் இவர்களுக்கு அது விலை கூடியது. அச்சமும் குளிரும் பரீட்சையும் வலியை வரவழைக்கின்றன என்று பிள்ளைகள் சொல்லும்போது அதை நடிப்பாகவோ மனப்பிரமையாகவோ ஒதுக்கிய பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. விரல் நுனியில் பதிவான அந்தக் கோடுகள் பிள்ளைகளின் பக்கம் நிற்கின்றன.

பெரிய தமனிகளின் விறைப்புதான் இந்தக் கட்டுரையின் நடுக்கேள்வி. அதை அளக்கும் முறை எளிது. கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் பேனா போன்ற உணரியை மென்மையாக அழுத்திப் பிடிப்பார்கள். பிறகு தொடையிடுக்கில் அதேபோல். இதயம் துடித்ததும் கிளம்பும் அழுத்த அலை முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் எவ்வளவு நேர இடைவெளியில் வந்து சேர்கிறது என்று பார்த்து, தூரத்தை நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். தமனிச் சுவர் எவ்வளவுக்கு விறைப்போ அவ்வளவுக்கு அலை வேகமாக ஓடும். வயது ஏற ஏற வேகம் கூடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பொதுமக்களிடம் அது இதய நோய்க்கான எச்சரிக்கை. இன்னொரு அளவும் உண்டு. குளத்து அலை கரையில் மோதித் திரும்புவதுபோல, கிளை பிரியும் இடங்களிலும் சிறு தமனிகளிலும் மோதிய அழுத்த அலை இதயத்தை நோக்கித் திரும்பி வரும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால் நல்லது, இதயத் தமனிக்கு ரத்தம் ஏறும். இதயம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டால் இதயத்துக்குச் சுமை. அந்தச் சுமை எவ்வளவு என்பதைத்தான் அலைப்பெருக்கக் குறியீடு சொல்கிறது.

அரிவாளணு நோயில் குழாய்கள் கெட்டுப்போகின்றன என்றால் அலை வேகம் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 2004ல் கேமரூன் நோயாளிகளிடம் அளந்து பார்த்தபோது வேகம் குறைவாக இருந்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான அந்த முடிவு பல ஆண்டுகள் தனியே நின்றது. 2016ல் கேமரூன், ஐவரி கோஸ்ட், காபோன், மாலி, செனகல் ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதி செய்தது. 3,627 நோயாளிகள், நோயில்லாத 943 பேர். நோயாளிகளிடம் அலையின் சராசரி வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், மற்றவர்களிடம் 9.1. நோய் கடுமையாக இருக்கும் வகையினரிடம் வேகம் இன்னும் குறைவு. எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர் இவர்களுடைய தமனி மற்றவர்களைவிட இளமையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அதே ஆய்வின் இரண்டாவது அளவு வேறு கதை சொன்னது. திரும்பி வரும் அலையின் சுமை நோயாளிகளுக்கு வயதோடு சேர்ந்து மற்றவர்களைவிட வேகமாகக் கூடிக்கொண்டு போனது. பெரியவர்களானதும் அது நோயில்லாதவர்களின் அளவைத் தாண்டியது. பக்கவாதம், நுரையீரல் தமனி அழுத்தம், ஆண்குறி விறைத்து வலியோடு நிற்பது ஆகிய மூன்றோடும் இந்தச் சுமை தொடர்புபட்டிருந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தோடும் எலும்புச் சிதைவோடும் இரண்டு அளவுகளுக்குமே தொடர்பு இருந்தது. நோயாளிகளுக்குள் அலை வேகம் சற்று கூடியவர்களிடம் சிறுநீரில் ஆல்புமின் கசிவு காணப்பட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி? அலையின் வேகம் சுவரின் விறைப்பை மட்டும் சார்ந்ததல்ல. குழாய் அகலமானதாக இருந்தால் வேகம் குறையும். அழுத்தம் குறைந்தாலும் வேகம் குறையும். அரிவாளணு நோயாளிக்கு ஹீமோகுளோபின் பெரும்பாலும் 7, 8 கிராம்தான். உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் பிறவியிலிருந்தே கூடுதல் ரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கிறது. அதற்கேற்பப் பெரிய தமனிகள் அகன்றுகொடுக்கின்றன. சிறுநீரகம் நீரையும் உப்பையும் பிடித்து வைக்க முடியாமல் இழப்பதால் அழுத்தமும் தாழ்ந்தே இருக்கிறது. ஆகவே பெருந்தமனி மென்மையாக, அகலமாக, தாழ்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அகலத்தையும் தாழ்ந்த அழுத்தத்தையும்தான் 7.5 என்ற எண் காட்டுகிறது. சேதம் அதற்கு அப்பால், சிறு தமனிகளில் நடக்கிறது. அங்கே மோதும் அலை உரத்துத் திரும்புகிறது. பெருந்தமனியின் அலை வேகத்தைப் பொதுமக்களோடு ஒப்பிட்டுவிட்டு நிம்மதியடைவது, 128/82ஐப் பார்த்து நிம்மதியடையும் அதே தவறுதான். இவர்களை இவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போது அதே எண் எச்சரிக்கை சொல்லத் தொடங்கிவிடுகிறது.

தனி அளவுகோல் வகுத்ததால் உயிர்கள் காப்பாற்றப்பட்ட இடம் மூளை. அரிவாளணு நோயுள்ள குழந்தைகளில் மூளைக்குச் செல்லும் பெரிய தமனிகளே, கழுத்துத் தமனி மண்டைக்குள் நுழைந்து கிளை பிரியும் இடத்தில், உள்சுவர் தடித்துக் குறுகிவிடுகின்றன. நுண்குழாயின் நோய் என்று பேர்பெற்ற ஒன்று பெரிய தமனியைத் தாக்கும் இடம் இது. தடுக்காவிட்டால் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 11 பேருக்கு இருபது வயதுக்குள் பக்கவாதம் வரும் என்பது முன்னே சொன்ன அமெரிக்கக் கூட்டாய்வின் கணக்கு. நெற்றிப்பொட்டில், எலும்பு மெல்லியதாக உள்ள இடத்தில் டாப்ளர் கருவியின் முனையை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் காதில் விழும், வேகம் திரையில் தெரியும். குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். சோகையாலும் வேகம் கூடுவதால் பொதுமக்களுக்கான வரம்பு இங்கே பயன்படாது. ராபர்ட் ஆடம்ஸ் இந்தக் குழந்தைகளிடமே அளந்து, இந்தக் குழந்தைகளிடமே யாருக்குப் பக்கவாதம் வந்தது என்று பார்த்து வரம்பை வகுத்தார்: நொடிக்கு 200 சென்டிமீட்டர். அதைத் தாண்டிய 130 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினார்கள், மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது, ரத்தம் ஏற்றியவர்களில் ஒருவருக்கு. சோதனையை முன்கூட்டியே நிறுத்தி எல்லாருக்கும் ரத்தம் ஏற்றும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். முடிவு 1998ல் வெளியானது. ஒரு நோயில் பக்கவாதத்தை அது வருமுன்னே கண்டு, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்த சோதனைகள் மருத்துவ வரலாற்றில் அதிகமில்லை.

ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த அடுத்த சோதனை 2005ல் வந்தது. நிறுத்திய 41 குழந்தைகளில் 14 பேருக்கு வேகம் மறுபடியும் ஆபத்தான அளவுக்கு ஏறியது, இருவருக்குப் பக்கவாதம் வந்தது. தொடர்ந்தவர்களில் எவருக்கும் இல்லை. வாழ்நாள் முழுதும் ரத்தம் ஏற்றினால் இரும்புச் சத்து கல்லீரலிலும் இதயத்திலும் படியும். ஆகவே தமனி கடுமையாகக் குறுகாத குழந்தைகளுக்கு, ஓராண்டாவது ரத்தம் ஏற்றியபின் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாறலாம் என்று 121 குழந்தைகளிடம் செய்த சோதனை 2016ல் காட்டியது. இது பெரிய விடுதலை.

நுரையீரலில் இதே அளவுகோல் சிக்கல் எதிர்த்திசையிலும் நம்மை ஏமாற்றும். இதயத்தின் வலப்பக்க வால்வில் பின்னோக்கிப் பீய்ச்சும் ரத்தத்தின் வேகம் எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனையில் நொடிக்கு 2.5 மீட்டரைத் தொட்டால் நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று கருதி, கிளாட்வினின் குழு 2004ல் 195 பெரியவர்களைப் பரிசோதித்தது. 32 சதவீதம் பேர் அந்த வரம்பைத் தொட்டார்கள், அவர்களுடைய இறப்பு விகிதம் ஏறக்குறைய பத்து மடங்கு. பிறகு பிரான்சில் 398 பேரிடம் எக்கோவோடு நிற்காமல், சந்தேகப்பட்டவர்களுக்கு இதயத்துக்குள் நேரடியாகக் குழாய் செலுத்தி அளந்தார்கள். 2011ல் வெளியான முடிவின்படி எக்கோவில் 27 சதவீதம் பேர் வரம்பைத் தொட்டாலும் நுரையீரல் தமனி அழுத்தம் உண்மையில் உறுதியானது 6 சதவீதம் பேருக்கு மட்டுமே. சோகையால் ரத்த ஓட்டமே வேகமாக இருப்பதும் எக்கோ எண்ணை ஏற்றிக்காட்டும். எனவே 2.5 ஒரு எச்சரிக்கை எண், அதை நோயின் பெயராக எழுதிவிடக் கூடாது. அதை மட்டும் பார்த்து மருந்தைத் தொடங்குவதும் கூடாது. சில்டெனாஃபில் சோதனை காட்டிய பாடம் முன்னே சொன்னதுதான்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதன் ஆழப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்பு அதிகம், ஓட்டம் மந்தம். சிவப்பணு விறைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் உடலில் இல்லை. அதனால் சிறு வயதிலேயே சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடும், குழந்தை இரவில் படுக்கையை நனைக்கும், பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். மேற்பகுதியிலோ வடிகட்டும் வேகம் இளமையில் அளவுக்கு மீறி இருக்கும். கிரியேட்டினின் தாழ்ந்து நிற்க அதுவும் ஒரு காரணம். தசை குறைவு என்பது இன்னொரு காரணம். எனவேதான் 0.9 என்பது இவர்களுக்கு ஏற்கெனவே ஓர் இறக்கமாக இருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் கசிவைப் பார்க்கும் எளிய பரிசோதனை கிரியேட்டினினைவிடப் பல ஆண்டு முன்னதாகவே சொல்லிவிடும்.

சிகிச்சையிலும் ரத்தம் தடிப்பது, ஓடுவது பற்றிய கணக்கை மறக்கக் கூடாது. ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதே என்று ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் 10 கிராமைத் தாண்டவிட்டால், நோயணுக்கள் நிறைந்த ரத்தம் தடித்து ஓட்டம் மந்தமாகும், ஏற்றிய நோக்கமே கெடும். சோகை ஓரளவுக்கு இவர்களுடைய குழாய்களைக் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது. ஹீமோகுளோபினை உயர்த்தும் வாக்ஸிலோட்டர் 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து எடுத்தவர்களிடம் வலிநெருக்கடியும் மரணமும் கூடுதலாகக் காணப்பட்டதால் 2024ல் நிறுவனமே அதை உலகமெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் முதல் சோதனையில் நெருக்கடிகளைக் குறைத்தது, அடுத்த பெரிய சோதனையில் குறைக்கவில்லை. 2023ல் ஐரோப்பா அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு இறுதியில் மரபணுத் திருத்தச் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

இத்தனைக்கும் நடுவே நிலைத்து நிற்பது பழைய ஹைட்ராக்ஸியூரியாதான். 1995ல் 299 பெரியவர்களிடம் நடந்த சோதனையில் ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலிநெருக்கடியை 2.5 ஆகக் குறைத்தது. கருவிலிருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கவைக்கிறது, அது இழை கோப்பதைத் தடுக்கிறது. வெள்ளையணுவைக் குறைக்கிறது, அணுச்சிதைவைக் குறைக்கிறது, மூளைத் தமனியில் ரத்தத்தின் வேகத்தையும் இறக்குகிறது. ஒரே மாத்திரை அணுவுக்கும் குழாய்க்கும் சேர்த்து வேலை செய்கிறது. குழாயை மட்டும் குறிவைத்த மருந்துகள் தோற்ற இடத்தில் இது வென்றதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த நோய் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. இந்தியாவில் இது இருப்பது முதன்முதலாகப் பதிவானது 1952ல். அந்த ஆண்டு லேமனும் கட்புஷும் எழுதியது நீலகிரி மலையின் பழங்குடி மக்களைப் பற்றி. இன்று கூடலூர்ப் பக்கத்தில் பணியர், குறும்பர் குடியிருப்புகளில் நோயாளிகளைத் தேடிச் சென்று பார்க்கும் பணியை அங்குள்ள ஆதிவாசி மருத்துவமனை செய்துவருகிறது. ஒன்றிய அரசின் அரிவாளணு நோய் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதித்து அட்டை கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் இந்த நோய்க்குரிய வரம்பை வைத்து ரத்த அழுத்தமும், ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமினும், 2 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூளைத் தமனி டாப்ளரும் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முடியும். அட்டையிலேயே 120/70 என்ற எச்சரிக்கை வரம்பை அச்சிட்டால் 128/82ஐ 'நார்மல்' என்று எழுதும் கை சற்று நிற்கும்.

இந்திய நோயாளிகளுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பிலேயே கூடுதல் என்பதால் நோய் இங்கே லேசானது என்றொரு பேச்சு உண்டு. 1986ல் ஒடிசாவின் புர்லாவிலிருந்து பி.சி. காரும் ஜமைக்காவின் கிரஹாம் செர்ஜண்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, ஒடிசா நோயாளிகளுக்கு அது கூடுதலாக இருப்பதையும் மண்ணீரல் நீண்ட காலம் பிழைத்திருப்பதையும் காட்டியது உண்மை. ஆனால் அந்த ஒப்பீடு ஜமைக்காவோடு. இங்கே வலியால் மருத்துவமனைக்கு வந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் லேசானது என்ற சொல்லை எளிதில் பயன்படுத்த மாட்டார்கள்.

டாப்ளரும் தொடர் சிகிச்சையும் ஏழை நாடுகளுக்கு எட்டாது என்று சொல்வதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வட நைஜீரியாவில், மாதந்தோறும் ரத்தம் ஏற்றுவது நினைத்துப் பார்க்க முடியாத ஊர்களில், உள்ளூர் ஊழியர்களுக்கே டாப்ளர் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். தமனியில் வேகம் கூடிய 220 குழந்தைகளுக்கு ஹைட்ராக்ஸியூரியா கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், மற்றதற்கு 10. 2022ல் முடிவு வந்தபோது இரண்டு குழுவிலும் பக்கவாதம் ஒரே அளவுக்குத் தாழ்ந்தே இருந்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது ஒடிசாவிலும் மத்திய இந்தியாவிலும் மருத்துவர்கள் ஏற்கெனவே கொடுத்துவரும் அளவு.